பாறைக்குட்டை பார்க்கப் பிள்ளைகளோடு கடலுக்குப் போகிறவர்களுக்கு

கோபிச்செட்டிபாளையம் பக்கத்திலிருந்து ஒருவர் கேட்டது இது: "பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நாலு. கடல் என்றால் கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்ததோடு சரி. தண்ணீர் வடிந்த பிறகு பாறை இடுக்கில் தேங்கும் குட்டைகளில் நண்டு, நட்சத்திர மீன், பூ மாதிரி விரியும் உயிர்கள் எல்லாம் இருக்கும் என்று படத்தில் பார்த்துவிட்டுப் பெண் தினமும் நச்சரிக்கிறாள். பொங்கல் லீவில் போகலாம் என்றிருக்கிறோம். அப்பாரும் (தாத்தா) கூட வருவார். எங்கே போவது, எப்போது போவது, இவ்வளவு சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?"

தாராளமாகக் கூட்டிப் போகலாம். நாலு வயதுப் பையனுக்குத் தரை பக்கம்; நாம் குனிந்து தேட வேண்டியதை அவன் உட்கார்ந்த மாத்திரத்தில் பார்த்துவிடுவான். ஆனால் நீங்கள் கேட்ட வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். எங்கே என்பதை விட எப்போது என்பது முக்கியம். அதை விட முக்கியம், போன இடத்தில் ஒரே குட்டையின் ஓரத்தில் எவ்வளவு நேரம் உட்காரப் போகிறீர்கள் என்பது. பாறைக்குப் பாறை தாவிப் பத்துக் குட்டையை எட்டிப் பார்த்த பிள்ளை பாசியையும் தண்ணீரையும் மட்டும்தான் பார்த்திருக்கும். ஒரே குட்டையில் கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிள்ளை, அங்கே யார் யார் குடியிருக்கிறார்கள், யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்று வீட்டுக்கு வந்து கதை சொல்லும். கல்லூரியில் விலங்கியல் நடத்திய காலத்தில் மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனபோதும் இதைத்தான் சொல்வேன். பெரியவர்களுக்கும் இது பொருந்தும்.

முதலில் நேரம். கடல் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். இதற்குத்தான் ஓதம் என்று பெயர். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். நிலா தினமும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வருவதால் ஓதமும் அவ்வளவு பிந்தும். இன்று காலை எட்டு மணிக்கு வற்றம் என்றால் நாளை எட்டு ஐம்பதை ஒட்டி இருக்கும். சூரியனும் நிலாவும் ஒரே கோட்டில் நின்று இழுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் அதிகம் ஏறி அதிகம் வற்றும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. அப்போது போனால் நீங்கள் பார்க்க நினைத்த பாறையில் பாதி தண்ணீருக்குள்ளேயே கிடக்கும். ஆக, வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே உங்களுக்கு முதல் வழிகாட்டி. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் பௌர்ணமி எப்போது என்று தனியாகத் தேடவும் வேண்டாம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெரிய வற்றம் பெரும்பாலும் அமாவாசை அன்றே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்து வரும். நமக்கு இது வசதிதான். தை அமாவாசை அன்று ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கவே முடியாது. இரண்டு நாள் தள்ளிப் போனால் கூட்டமும் வடிந்திருக்கும், கடலும் நன்றாக வற்றியிருக்கும். பொங்கல் லீவுக்குள் அப்படி ஒரு நாள் விழவில்லை என்றால், லீவில் வேறு ஊர் போய்விட்டு, கடலை ஏற்ற திதியை ஒட்டிய சனி ஞாயிறுக்குத் தள்ளிவையுங்கள். பிள்ளைக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். நிலா தேய்ந்து வளர்வதைப் பார்த்து நாள் எண்ணுகிற அந்த இரண்டு வாரத்திலேயே பயணம் தொடங்கிவிடும்.

திதி தெரிந்த பிறகு மணி தெரிய வேண்டும். ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் துறைமுக வாரியாக ஓத அட்டவணை தருகிறது. அதில் நேரத்துக்குப் பக்கத்தில் மீட்டரில் ஓர் எண் இருக்கும். எண் எவ்வளவு சிறியதோ அவ்வளவு தூரம் கடல் வற்றும். மேற்குக் கரையில் ஒரு நாளின் இரண்டு வற்றங்களும் சமமாக இருக்காது, ஒன்று நன்றாக வற்றும், மற்றது அரைகுறையாக வற்றும். அதனால் இரண்டு எண்ணையும் பார்த்து, ஆழமான வற்றம் பகலில் வருகிற நாளைத் தேர்ந்தெடுங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்னோ, மாலை நாலு மணிக்குப் பின்னோ அமைந்தால் நல்லது. உச்சி வெயிலில் பாறை காலைச் சுடும், குட்டையில் இருக்கிற உயிர்களும் இடுக்குக்குள் போய்விடும். வற்றத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தண்ணீர் இறங்க இறங்க அதன் பின்னால் மெல்ல நீங்களும் இறங்கலாம். அட்டவணை சொன்ன நேரம் வந்ததும் கிளம்பிவிடுங்கள். கடல் திரும்பும்போது பிள்ளைகளோடு பாறையில் இருக்கக் கூடாது.

இனி, படப் புத்தகங்கள் சொல்லாத ஒன்று. அவற்றில் வரும் குட்டைகள் பெரும்பாலும் ஓதம் ஐந்தாறு மீட்டர் ஏறி இறங்கும் நாடுகளின் கரைகள். அங்கே கடல் வற்றினால் ஒரு மைதானம் அளவுக்குப் பாறை வெளியே வரும். குஜராத்தில் கட்ச் வளைகுடாவில் அப்படி நடந்து போய்ப் பார்க்கலாம். நம் தமிழகக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். கேரளத்தின் வட பகுதியில் கொஞ்சம் கூடுதல். அதனால் இங்கே ஓதத்தை விட அலைதான் பெரிய ஆள். ஒரு மீட்டர் உயர அலை அடித்தால் அமாவாசை வற்றத்தால் கிடைத்த லாபம் எல்லாம் போச்சு. குட்டை திறந்து கிடக்கும், ஆனால் பத்து அலைக்கு ஒரு முறை அதன் மேல் வெள்ளம் புரண்டு ஓடும். அந்த ஓர் அலைக்குத்தான் பயப்பட வேண்டும்.

காற்றே இல்லாத நாளிலும் அப்படி அலை வரும். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ தொலைவில் புயல் கிளப்பிய நீள அலைகள் நாள் கணக்கில் பயணம் செய்து கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் திடீரென்று ஏறும். கள்ளக்கடல் என்று அதற்குப் பெயர், ஏப்ரல், மே மாதங்களில் அதிகம். 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது இப்படி ஒரு நாளில்தான். கள்ளக்கடல் எச்சரிக்கையையும் அதே ஹைதராபாத் மையம் வெளியிடும். ஓத நேரத்தைப் பார்க்கும் கையோடு அதையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கரைக்கே போகாதீர்கள், மேலே நின்று வேடிக்கை பார்க்கக் கூட வேண்டாம்.

சரி, எங்கே? கொங்குப் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் போனால் மேற்குக் கடல்தான் கிட்டம். ஜனவரி, பிப்ரவரியில் அந்தக் கடல் அமைதியாக இருக்கும். மெரினா, கோழிக்கோடு மாதிரி நீள மணல் கரைக்குப் போனால் குட்டை கிடைக்காது, பாறை வேண்டும். தலச்சேரி, கண்ணூர் பக்கம் செம்மண் நிறத்தில் பொத்தல் பொத்தலான செம்புரைக்கல் பாறை கடல் வரைக்கும் இறங்குகிறது. அந்தப் பொத்தல்களில் தண்ணீர் நிற்கும், பிடிமானமும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்கு முதல் முறை நான் சொல்வது இதைத்தான். ஈரோடு, திருப்பூர், கோவை வழியாக ஷொரணூர் போய் வடக்கே திரும்பும் ரயில்களில் போய்விடலாம், மலைப்பாதை வாந்தி இல்லை.

கன்னியாகுமரி, முட்டம் பக்கம் பாறை அழகு. கோவையிலிருந்து ஈரோடு, கரூர் வழியாக நாகர்கோவிலுக்கு இரவு ரயிலும் இருக்கிறது. ஆனால் முட்டத்துப் பாறைகள் உயரம், செங்குத்து, அலை வேகம். நாலு வயதுப் பையனோடு அங்கே கடல் ஓரப் பாறையில் இறங்காதீர்கள். மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம் தீவு இன்னொரு வகை. அங்கே வடகடல், தென்கடல் என்று இரண்டு பக்கம். வடகிழக்குப் பருவத்தில் வடகடல் கொந்தளிக்கும், தென்மேற்குப் பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும், மற்றது அடங்கியிருக்கும். மீனவர்களே அதற்கேற்ப பக்கம் மாறித் தொழில் செய்கிறார்கள். மே மாத லீவு என்றால் வடகடல் பக்கம், ஓலைக்குடா மாதிரி பவளக்கல் கிடக்கும் கரைகளில், முழங்கால் ஆழத்துக்கும் கீழே கண்ணாடித் தண்ணீர் கிடைக்கும். எங்கே இறங்கலாம் என்று அந்தக் கரையில் வலை பிரிக்கும் ஒருவரைக் கேளுங்கள், "அண்ணா, பிள்ளைகளை இங்கே விடலாங்களா?" என்று. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா, இஷ்டத்துக்குப் போக முடியாது, யாராவது படகில் கூட்டிப் போகிறேன் என்றாலும் போகாதீர்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கேரளப் பாறைக் கரை எதுவும் வேண்டாம். அலையைத் தடுக்கத் துறைமுகங்களில் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களிலும் உயிர்கள் ஒட்டியிருக்கும். ஆனால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஆள் விழும் அளவுக்குச் சந்து இருக்கும், பிள்ளைகளுக்கு ஆகாது.

போவதற்கு முன் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு பயிற்சி செய்யலாம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நம் ஊர்க் கரடுகளில் பாறைப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், மலைக்கோயில் சுனைகளிலும் நிற்கும். அப்படி ஒரு முழம் அகலப் பள்ளத்தின் ஓரத்தில் பெண்ணையும் பையனையும் உட்காரவையுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிடம் கழித்துத் தலைப்பிரட்டை வரும், நீர் மேல் ஓடும் பூச்சி வரும், கொசுப்புழு நெளியும். அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு விரல்கடை நீளத்தில், கண்ணாடி உடம்போடு, மல்லாந்து நீந்தும் ஒரு சின்ன இறால் வகை கண்ணில் படும். மழைக்குட்டையில் மட்டும் வாழும் பிராணி அது. குட்டை வற்றினால் செத்துப்போகும். முட்டை மட்டும் மண்ணோடு மண்ணாகக் காய்ந்து வருஷக் கணக்கில் கிடந்து அடுத்த மழைக்குப் பொரிக்கும். வெறும் பாறையில் இவ்வளவு நடக்கிறது என்று பார்த்த பிள்ளை கடலுக்குப் போனால் அவசரப்படாது. ஆனால் கல் வெட்டி எடுத்துவிட்டுப் போட்டிருக்கும் பாறைக்குழிப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். அவற்றின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, வருஷா வருஷம் பிள்ளைகள் உயிரை வாங்குகின்றன.

இப்போது கரைக்கு வந்துவிட்டீர்கள். உடனே இறங்காதீர்கள். காய்ந்த இடத்தில் நின்று பதினைந்து நிமிடம் கடலையே பாருங்கள். எந்தப் பாறை நனைந்திருக்கிறதோ அங்கே அலை வருகிறது என்று அர்த்தம், கொஞ்ச நேரமாக வரவில்லை என்றாலும். அந்த நனைந்த கோட்டுக்கு நன்றாக மேலே இருக்கும் குட்டைதான் உங்கள் குட்டை. பச்சைப் பாசி படர்ந்த பாறையும், அதற்கு மேலே மெழுகியது மாதிரிக் கறுப்பாக இருக்கும் பாறையும் வழுக்கும். கொடிவேரி அணையில் பாசிப் பாறையில் கால் வைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் செருப்பு ஆகாது, பின்னால் வார் உள்ள பழைய ஷூ போடுங்கள், வெறுங்கால் வேண்டவே வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை எட்டும் தூரத்தில். அப்பாருக்கு ஒரு முக்கியமான வேலை கொடுங்கள். அவர் பாறைக்கு இறங்க வேண்டாம், மேலே காய்ந்த இடத்தில் நின்று கடலை மட்டும் பார்க்க வேண்டும், குட்டையைப் பார்க்கக் கூடாது. பெரிய அலை எழுந்தால் குரல் கொடுக்க வேண்டும். அவர் குரல் கேட்டதும் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் எழுந்து வர வேண்டும் என்று முன்பே வீட்டு முற்றத்தில் விளையாட்டாகப் பழக்கிவிடுங்கள். குட்டை பார்க்கும் அவசரத்தில் எல்லாரும் கடலுக்கு முதுகு காட்டி உட்காருவதால்தான் விபத்து நடக்கிறது.

உட்கார்ந்ததும் உங்கள் நிழல் குட்டை மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வானம் தண்ணீரில் மின்னி உள்ளே தெரியாவிட்டால், அடி தட்டையான கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை நீர்மட்டத்தில் லேசாக அழுத்தி அதற்குள் பார்க்கச் சொல்லுங்கள். மினுமினுப்பு போய் அடி வரைக்கும் தெளிவாகத் தெரியும். பையனுக்கு இந்த டப்பா ஒன்றே போதும்.

முதலில் கண்ணில் படுவது பாறையெல்லாம் ஒட்டியிருக்கும் கொட்டலசு. சாம்பல் வெள்ளையில், நடுவில் ஓட்டையோடு, கூரான சின்னச் சின்னக் கூம்புகள். கல்லில் முளைத்த கல் என்று பிள்ளை தாண்டிப் போய்விடும். நீருக்கு அடியில் இருக்கும் ஒன்றைக் காட்டி, பேசாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டையின் கதவு இரண்டாகப் பிளக்கும். உள்ளேயிருந்து சுருண்ட இறகு மாதிரி ஒரு கொத்து வெளியே வந்து, விரிந்து, தண்ணீரை ஒரு வாரு வாரிவிட்டு உள்ளே போகும். அடுத்த நொடி மறுபடி. அந்த இறகு அதன் கால். குஞ்சாக இருக்கும்போது கடலில் நீந்தித் திரிந்து, பிடித்த பாறை கிடைத்ததும் தலையை அதில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுவர் கட்டிக்கொண்டு, மீதி ஆயுள் முழுக்கக் காலால் சாப்பாட்டை வாயில் தள்ளிக்கொள்கிறது. சிப்பி இனம் மாதிரித் தெரிந்தாலும் அது இறால், நண்டின் உறவு. நம் ஊர் மழைப் பள்ளத்தில் மல்லாந்து நீந்தியதே, அதற்கும் தூரத்துச் சொந்தம். அதைப் பார்த்திருந்தால் உங்கள் பெண் இங்கே கண்ணை அகல விரிப்பாள். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு வருஷம் இந்தக் கொட்டலசை ஆராய்ந்தார். அவர் பிள்ளைகளில் ஒன்று பக்கத்து வீட்டுக்கு விளையாடப் போய், இந்த வீட்டு அப்பா எங்கே உட்கார்ந்து கொட்டலசு பார்ப்பார் என்று கேட்டதாகச் சொல்வார்கள். எல்லா அப்பாக்களும் அந்த வேலைதான் செய்வார்கள் என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறது.

அடுத்து, தானாக நகரும் சங்கு. உண்மையான நத்தை என்றால் வழுக்கிக்கொண்டு மெதுவாகப் போகும். தடுமாறி ஓடினால் உள்ளே இருப்பது துறவி நண்டு. நிழல் பட்டாலே சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டு உருண்டுவிடும். அசையாமல் காத்திருந்தால் முதலில் ஒரு மீசை வரும், அப்புறம் காம்பில் நிற்கும் இரண்டு கண், அப்புறம் ஒரு கொடுக்கு. அதன் பின்பாதி உடம்பு மெத்தென்று ஓடில்லாமல் இருக்கும், செத்த நத்தையின் சங்குதான் அதற்கு வீடு. வளர வளரப் பெரிய வீடு வேண்டும். நல்ல காலிச் சங்கு ஒன்று கரையில் கிடைத்தால் சில நேரம் பெரிதிலிருந்து சிறிது வரை நண்டுகள் வரிசை கட்டி நிற்கும். பெரியது புது வீட்டுக்குப் போனதும் அது விட்டதை அடுத்தது எடுக்கும், அது விட்டதை அதற்கடுத்தது. இதனால்தான் காலிச் சங்கைப் பையில் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்கிறேன். பிள்ளையிடம் "எடுக்காதே" என்று மட்டும் சொன்னால் முகம் வாடும். "அது அடுத்த நண்டுக்கு வீடு, கண்ணு" என்று சொல்லுங்கள், எடுத்ததையும் திருப்பி வைத்துவிடும்.

பூ மாதிரி விரியும் உயிர் என்றீர்களே, அது கடல்சாமந்தி. அதைத் தேடும்போது பூவைத் தேடாதீர்கள். நீருக்கு வெளியே இருக்கும்போது அது ஈரமான ஒரு சதைக் கட்டி, அவ்வளவுதான். நீருக்குள் இருக்கும் ஒன்று சுற்றிலும் விரல்களை விரித்து நிற்கும். அந்த விரல்களில் கொட்டும் செல்கள் உண்டு, அதனால்தான் உயிரைத் தொட்டதும் ஒட்டிப் பிடிக்கிறது. உணவு போகவும் கழிவு வரவும் அதற்கு ஒரே வாய். இதைக் கேட்டால் ஏழு வயதுப் பெண்ணுக்கு அன்று முழுக்கச் சிரிப்புத்தான்.

குட்டையின் அடியில் மணல் நிறத்தில் விருட்டென்று ஓடி நிற்பது உளுவை இன மீன். பாறைக்கு மேலேயே தாவித் தாவி அடுத்த குட்டைக்குப் போகும் மீன்களும் உண்டு. தாவும்போது அடுத்த குட்டை எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்? அட்லாண்டிக் கரையில் வாழும் ஓர் உளுவையை வைத்து லெஸ்டர் அரான்சன் என்பவர் 1951-இல் இதற்குப் பதில் எழுதினார். கடல் ஏறியிருக்கும்போது பாறை மேல் நீந்தித் திரிந்து பள்ளம் எங்கெங்கே என்று மனதில் வாங்கிக்கொள்கிறது, வற்றிய பிறகு அந்த நினைவை வைத்துத் தாவுகிறது. பதிலை உடனே சொல்லிவிடாதீர்கள். ரயிலில் திரும்பும்போது அவளே யோசிக்கட்டும்.

பாறையோடு பாறையாகக் கூம்புத் தொப்பி வடிவில் ஒட்டியிருக்கும் ஒற்றை ஓட்டு நத்தைகளையும் காட்டுங்கள். பாசியைச் சுரண்டித் தின்னும் அவற்றின் பல்தான் உயிரினங்கள் உண்டாக்கும் பொருள்களில் சோதித்துப் பார்த்தவற்றிலேயே உறுதியானது என்று 2015-இல் கண்டறிந்தார்கள், சிலந்தி நூலையும் மிஞ்சியது. கத்தியால் நெம்பாதீர்கள், பெயர்த்தால் செத்துப்போகும். பச்சைப் பாசி மேல் முத்து முத்தாக ஒட்டியிருக்கும் குமிழ்கள், வெயிலில் பாசி விடும் ஆக்சிஜன். நட்சத்திர மீன் மட்டும் எல்லாக் குட்டையிலும் இருக்காது. போவதற்கு முன்பே பெண்ணிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அதையே தேடி மற்றதை எல்லாம் விட்டுவிடுவாள்.

தொடுவது பற்றி. கையில் தேங்காய் எண்ணெயோ சன்ஸ்கிரீனோ இருந்தால் கடல் நீரில் முதலில் கழுவுங்கள். ஒரு விரல், நனைத்த விரல், மெதுவாக. கல்லைப் புரட்டினால் அதே பக்கம் கீழே இருக்கும்படி திருப்பி வையுங்கள். மேலே வெளிச்சத்தில் இருக்க வேண்டிய பாசியும் கீழே ஈரத்தில் இருக்க வேண்டிய உயிரும் இடம் மாறினால் இரண்டும் சாகும். கூம்பு வடிவில், வழவழப்பாக, கோலம் போட்ட மாதிரி அழகாக இருக்கும் சங்கை யாரும் எடுக்கக் கூடாது, பெரியவர்களும்தான். உள்ளே இருக்கும் நத்தை விஷ ஈட்டியால் குத்தும், அந்த இனத்தில் ஆளைக் கொல்லக்கூடியவையும் உண்டு. பாறையில் தோல் விரித்த மாதிரிப் பழுப்பாகப் படர்ந்திருக்கும் மெத்தை உயிர்களையும் தொட வேண்டாம், சிலவற்றில் கடும் விஷம். தெரியாமல் தொட்டுவிட்டால் கண்ணில் கை வைக்காமல் கழுவிவிடுங்கள். கடல் முள்ளெலியின் முள்ளோ மீன் முள்ளோ குத்தினால், பெரியவர் தன் கையில் சூடு பார்த்து, பொறுக்கும் வெந்நீரில் அந்த இடத்தை அரை மணி நேரத்துக்கு மேல் வைத்தால் வலி குறையும், பிறகு மருத்துவரிடம் போங்கள். சொறிமீன் (ஜெல்லி மீன்) பட்டால் கடல் நீராலேயே கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் எரிச்சல் கூடும். கூம்புச் சங்கு குத்தியதாகச் சந்தேகம் வந்தாலே காலையோ கையையோ அசைக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

கடற்கரைக் கடைகளில் பவளம், கடல் விசிறி, கடல் குதிரை காய்ந்ததாக விற்றால் வாங்காதீர்கள். இவையும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, வைத்திருப்பதே குற்றம். கடல் பொருளைப் பிள்ளைக்குப் பக்கத்தில் காட்ட ஆசை என்றால், நொய்யல் கரைக் கொடுமணல் அகழாய்வில் சங்கு வளையல் கிடைத்த கதையைச் சொல்லுங்கள். கடலே இல்லாத நம் பக்கத்துக்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கடல் வந்து சேர்ந்திருக்கிறது.

நாலு வயதுப் பையனுக்கு முக்கால் மணி நேரம் போதும். அவன் சிணுங்கத் தொடங்கினால் அதற்கு மேல் இழுக்காதீர்கள், ஒருவர் அவனை மணலுக்குக் கூட்டிப் போகட்டும், பெண் இன்னொருவரோடு தொடரட்டும். அவளுக்கு ஒரு பென்சிலும் நோட்டும் கொடுத்து, குட்டையில் யார் ஒட்டியே இருக்கிறார்கள், யார் நடமாடுகிறார்கள் என்று இரண்டு பக்கமாக வரையச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அவளே வைத்த பெயர் போதும். போட்டோ எடுப்பதை வரைந்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

தொப்பி, முழுக்கைச் சட்டை, குடிக்கத் தண்ணீர், மாற்றுத் துணி, முள் எடுக்க ஒரு சின்ன இடுக்கி, பிளாஸ்க்கில் வெந்நீர். முந்தின நாள் இரவு அலை எச்சரிக்கையை ஒரு முறை, காலையில் கிளம்பும்போது ஒரு முறை பாருங்கள். எச்சரிக்கை வந்துவிட்டால் பயணம் வீணாகாமல் இருக்க ஒரு மாற்று ஏற்பாடும் கைவசம் இருக்கட்டும். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் இருக்கிறது, திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்ஞத்திலும் அவர்களுடையது ஒன்று உண்டு. கண்ணூர்ப் பயணம் என்றால் 1505-இல் போர்ச்சுகீசியர் கட்டிய செயின்ட் ஏஞ்சலோ கோட்டையை, மதிலுக்குள்ளேயே இருந்து, பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டிவிட்டு, அடுத்த பௌர்ணமிக்கு டிக்கெட் போடுங்கள்.